பெயரிழந்த முகங்கள்: ஹைலாந்துப் படைவீரர்களின் பழைய நிழற்படங்களை இனங்காணல்

   

ஸ்காட்லாந்து நாட்டில் பழைய வீடுகளைக் காலிசெய்யும்போது அடிக்கடி நிகழ்வது ஒன்று உண்டு. குடும்ப விவிலியத்தின் தாள்களுக்கிடையிலிருந்தோ, அலமாரியின் அடித்தட்டிலிருந்தோ கையகல அட்டைப்படம் ஒன்று வெளிப்படுகிறது. படத்தில் ஓர் இளைஞன். இடையில் மடிப்பு வைத்த பாவாடை. அதன் முன்னே தொங்கும் மயிர்ப்பை. முழங்கால் வரை கட்டம் போட்ட காலுறை. பின்னால் ஓவியத் திரை. அட்டையைத் திருப்பினால் நிழற்பட நிலையத்தின் முகவரி இருக்கிறது. இளைஞனின் பெயர் இல்லை. ‘கொள்ளுப்பாட்டனார் ஆகலாம்’ என்கிறார் ஒருவர். ‘அல்லர், அவருடைய தம்பி, போரில் மாண்டவர்’ என்கிறார் இன்னொருவர். இருவரிடமும் சான்று இல்லை. பெயரை அறிந்திருந்த கடைசி மனிதர் என்றோ மறைந்துவிட்டார்.

இத்தகைய முகங்களுக்குப் பெயரை மீட்டுத் தரும் முயற்சியே இவ்வுரையின் பொருள். தமிழ் இலக்கிய வட்டத்தில் இப்பொருளுக்கு என்ன இடம் என்ற வினா எழலாம். சேரன் படை பனம்பூவையும், சோழன் படை ஆத்திப்பூவையும், பாண்டியன் படை வேப்பம்பூவையும் சூடிப் போர்க்களத்தில் தம்மை வேறுபடுத்திக் காட்டின என்று தொல்காப்பியப் புறத்திணை கூறும். பூவைக் கொண்டு படையை அறிந்த மரபுக்குக் குஞ்சத்தைக் கொண்டு படையை அறியும் கலை அயலன்று. செல்லரித்த ஏட்டில் எஞ்சிய எழுத்துகளைக் கொண்டு பாடலின் உருவை மீட்ட பதிப்பாசிரியர்களின் பொறுமையே இங்கும் வேண்டப்படுவது.

தடையும் சீருடையும்

கில்ட் என்னும் அம்மடிப்பாடை ஸ்காட்லாந்தின் வட மேற்கே உள்ள ஹைலாந்து என்னும் மலைநாட்டு மக்களின் உடை. 1746ஆம் ஆண்டு கல்லோடன் களத்தில் ஸ்டூவர்ட் வழியினரின் கிளர்ச்சி முறியடிக்கப்பட்டது. அவ்வாண்டே மலைநாட்டு உடையைத் தடைசெய்யும் சட்டம் இயற்றப்பட்டது. முதன்முறை மீறியோர்க்கு ஆறு திங்கள் சிறை; மறுமுறை மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். இத்தடை 1782 வரை நீடித்தது. ஆனால் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. அரசரின் படையில் சேர்ந்தவர் அவ்வுடையை அணியலாம். தன் ஊரில் அணிந்தால் குற்றமாகிய உடை, அரசருக்காகப் போரிடச் சென்றால் சீருடையாயிற்று. ஹைலாந்துப் படைகளின் வரலாற்றை எண்ணுவோர் இம்முரணை மறத்தல் இயலாது.

அப்படைகள் தமிழ் மண்ணிலும் கால்வைத்தன. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ஐதர் அலியின் படை பெய்லியின் படையை அழித்தபோது, லார்டு மக்லியோட் திரட்டிய ஹைலாந்துப் படையின் இரு கம்பெனிகளும் அதனுள் இருந்தன. நிழற்படக்கலை பிறப்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் முற்பட்ட நிகழ்ச்சி அது. அவ்வீரர்களின் முகங்கள் எவையும் நிழற்படமாக எஞ்சவில்லை.

1809ஆம் ஆண்டு ஹைலாந்துப் படைகள் பலவற்றிலிருந்து கில்ட் நீக்கப்பட்டது. மலைநாட்டிலிருந்து போதிய ஆட்கள் கிடைக்காமையும், பிற பகுதியினர் அவ்வுடையை விரும்பாமையும் காரணமாகக் கூறப்பட்டன. எஞ்சியவை 42, 78, 79, 92, 93 என்னும் எண்களைக் கொண்ட ஐந்து படைகளே. எனவே, 1809க்கும் 1881க்கும் இடைப்பட்ட காலத்து நிழற்படத்தில் அரசின் நிலைப்படையைச் சார்ந்த சிப்பாய் ஒருவர் கில்ட் அணிந்து நின்றால், அவர் இவ்வைந்தனுள் ஒன்றைச் சார்ந்தவர் என்று கருதலாம்.

ஐந்து படைகள், ஐந்து அடையாளங்கள்

1881ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் எண்களை அகற்றிப் பெயர்களை நிறுவியது. 42உம் 73உம் இணைந்து ‘பிளாக் வாட்ச்’ ஆயின. 72உம் 78உம் ‘சீஃபோர்த்’. 75உம் 92உம் ‘கார்டன்’. 91உம் 93உம் ‘ஆர்கைல் அண்ட் சதர்லாந்து’. 79 தனித்து நின்று ‘கேமரன்’ ஆயிற்று. 71உம் 74உம் சேர்ந்த ‘ஹைலாந்து இலகு காலாட்படை’ கட்டத்துணியால் ஆன காற்சட்டையையே அணிந்தது; கில்ட் அதற்கு 1947இல்தான் கிடைத்தது.

இவற்றை வேறுபடுத்தி அறிய முதலில் நோக்க வேண்டியது ஸ்போரன் என்னும் மயிர்ப்பை. பெரும்பாலானோர் முகத்தைப் பார்ப்பர். துறையறிந்தோர் இடையைப் பார்ப்பர். 1881க்கும் 1914க்கும் இடைப்பட்ட காலத்துச் சிப்பாய்களின் முழுச்சீருடையில், வெள்ளை மயிரில் ஐந்து கருங்குஞ்சங்கள் இருப்பின் பிளாக் வாட்ச். கருமயிரில் இரண்டு நீண்ட வெண்குஞ்சங்கள் இருப்பின் கேமரன். கருமயிரில் ஆறு குறுகிய வெண்குஞ்சங்கள் இருப்பின் ஆர்கைல். வெள்ளை மயிரில் இரண்டு நீண்ட கருங்குஞ்சங்கள் இருப்பின் கார்டன் அல்லது சீஃபோர்த். இவ்வளவில் மூன்று படைகள் தெளிவாகின்றன. இரண்டு கலந்தே நிற்கின்றன.

அடுத்து நோக்க வேண்டியது கிளென்காரி என்னும் நீள்மடிப்புத் தொப்பி. பிளாக் வாட்ச், கேமரன் படையினர்க்கு அதன் கரை வெறுமையானது. ஏனைய மூவர்க்கும் சதுரக் கட்டங்கள் ஓடும். ஆர்கைல் தொப்பியில் அக்கட்டங்கள் செம்மையும் வெண்மையுமாக அமைந்தவை.

மூன்றாவது, தொப்பிச் சின்னம். கார்டன், சீஃபோர்த் இரண்டிற்கும் கலைமான் தலையே சின்னம். ஆயினும் கார்டன் மான் ஒரு முடியிலிருந்து எழும். சுற்றிலும் ஐவிக் கொடி வளைந்திருக்கும். சீஃபோர்த் மான் கொடியின்றி நிற்கும். கீழே வாசகம் தாங்கிய சுருள் மட்டும் இருக்கும். ஆர்கைலின் வட்டச் சின்னத்தில் காட்டுப்பன்றியின் தலையும் காட்டுப்பூனையும் உள்ளன. கேமரன் சின்னத்தில் திசில் என்னும் முட்செடி மாலைக்குள் தூய ஆண்ட்ரூ சிலுவையுடன் நிற்கிறார்.

நான்காவது, காலுறை. பிளாக் வாட்ச், கார்டன் படையினர்க்குச் சிவப்பும் கறுப்பும். சீஃபோர்த், ஆர்கைல் படையினர்க்குச் சிவப்பும் வெள்ளையும். கேமரன் படையினர்க்குச் சிவப்பும் பச்சையும். ஸ்போரன் பிரிக்காத இருவரைக் காலுறை பிரித்துவிடுகிறது. ஓர் உறுப்பு விடுத்த ஐயத்தை மற்றோர் உறுப்பு தீர்க்கும் இவ்வமைப்பே இனங்காணலின் உயிர்நிலை.

கறுப்பு வெள்ளையின் மயக்கம்

‘டார்ட்டன் துணியின் கட்டங்களைக் கண்டாலே படை தெரிந்துவிடுமே!’ என்று எவரும் கேட்பர். வண்ணத்தில் அது உண்மை. பிளாக் வாட்ச் துணி கரும்பச்சையும் கருநீலமும் கலந்தது. அதே துணியில் மஞ்சள் கோடு ஓடினால் கார்டன். வெள்ளை, சிவப்புக் கோடுகள் ஓடினால் சீஃபோர்த் அணிந்த மெக்கன்சி. ஆனால் பழைய நிழற்படத் தட்டு மனிதக் கண்ணைப் போல் காண்பதில்லை.

19ஆம் நூற்றாண்டின் சாதாரணத் தட்டுகள் நீல ஒளிக்கே கூர்மையுடையவை. சிவப்பை அவை உணர்வதில்லை. ஆகவே நீலம் வெளிறிப் பதிகிறது, சிவப்பு கறுப்பாகிறது, மஞ்சளும் இருண்டுபோகிறது. சிவப்பு முதலிய எல்லா நிறங்களையும் உணரும் தட்டுகள் 1906இல்தான் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன. கார்டன் துணியின் சிறப்பே அதன் மஞ்சள் கோடு. அக்கோடு கரும்பச்சைக்குள் மூழ்கிக் காணாமற் போய்விடுகிறது. கார்டன் வீரர் ஒருவர் வெறும் துணியை மட்டும் நோக்குவோர்க்குப் பிளாக் வாட்ச் வீரராகத் தோன்றுவது இதனாலேயே. மெக்கன்சியின் வெள்ளைக் கோடோ எந்தத் தட்டிலும் வெள்ளையாகவே நிற்கும்.

இவ்விதியை அறிந்தவர்க்கு மயக்கமே சான்றாக மாறும். சிவப்பு வெள்ளைக் காலுறை படத்தில் பளிச்செனக் கட்டங் காட்டும். சிவப்பு கறுப்புக் காலுறை முழுதும் இருண்டு, கட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். பெரிய இறகுத் தொப்பியின் பக்கத்தில் செருகும் சிறு இறகுக்கொத்து பிளாக் வாட்ச் படைக்குச் சிவப்பு; பிறர்க்கு வெள்ளை. பழைய படத்தில் அக்கொத்து கறுத்துத் தோன்றினால் அதுவே பிளாக் வாட்சின் அறிகுறி. சிவப்பு தன் நிறத்தை இழந்தும் தன் இருப்பை உணர்த்துகிறது.

காலத்தைக் கணித்தல்

படையை அறிந்தபின் ஆண்டை அறிதல் வேண்டும். ஹைலாந்துப் படையினரின் மிகப் பழைய நிழற்படங்களுள், டேவிட் ஆக்டேவியஸ் ஹில், ராபர்ட் ஆடம்சன் இருவரும் எடின்பரோக் கோட்டையில் 1846இல் எடுத்த 92ஆம் படையின் படங்கள் குறிப்பிடத்தக்கவை. அவை தாளில் பதிந்தவை. பின்வந்த அட்டைப்படங்களின் காலத்தை அவற்றின் அளவே உணர்த்தும். பாரிஸ் நகரின் திஸ்தேரி 1854இல் உரிமம் பெற்ற சிறு முகவரி அட்டைப்படம் 1860களில் எங்கும் பரவியது. 1866 அளவில் பெரிய ‘கேபினெட்’ அட்டை வந்தது. பின்புறம் முகவரிக்கும் செய்திக்கும் இரண்டாகப் பகுக்கப்பட்ட அஞ்சலட்டைப் படம் பிரிட்டனில் 1902க்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது.

உடையும் காலம் சொல்லும். கில்ட்டின் மேல் விழும் மடல்களையுடைய ‘டப்ளெட்’ என்னும் மேற்சட்டை கிரிமியப் போர்க் காலமாகிய 1855ஐ ஒட்டி வந்தது. மணிமுடி இடம்பெறும் சின்னங்களில், 1901இல் விக்டோரியா மறைந்தபின் முடியின் வடிவம் மாறியது. மார்பில் தொங்கும் பதக்கம் ஓர் எல்லைக்கல். 1882 எகிப்தியப் போரில் நின்றவர்க்கு எகிப்தின் கெதிவ் வழங்கிய ஐங்கோண வெண்கல விண்மீன் ஒருவர் மார்பில் இருப்பின், படம் அப்போருக்குப் பிந்தியது என்பது உறுதி.

இம்முறையின் இயக்கத்தை எடுத்துக்காட்டால் விளக்கலாம். கேபினெட் அட்டை ஒன்றில், வெள்ளை ஸ்போரனில் இரண்டு நீண்ட கருங்குஞ்சங்களுடன் ஒருவர் நிற்கிறார் எனக் கொள்க. கார்டன் அல்லது சீஃபோர்த். காலுறைக் கட்டங்கள் பளிச்சிடுகின்றன. எனவே சீஃபோர்த்தின் பக்கம் தராசு சாய்கிறது. கில்ட்டில் வெண்கோடு உண்டு. தராசு நன்கு தாழ்கிறது. உருப்பெருக்கியில் மான் தலையைச் சுற்றிக் கொடி இல்லை, ஐயம் நீங்குகிறது. மார்பில் ஐங்கோண விண்மீன், 1882க்குப் பிந்தியது. தென்னாப்பிரிக்கப் போர்ப் பதக்கம் இல்லை. ஆயினும் இதைக்கொண்டு படம் 1899க்கு முற்பட்டது என்று முடிவுகட்டலாகாது. அவர் அப்போருக்குச் செல்லாமலும் இருந்திருக்கலாம். இருப்பது சான்று, இல்லாமை குறிப்பு மட்டுமே. குடும்பத்தில் அண்ணன் கார்டன் படையிலும் தம்பி சீஃபோர்த் படையிலும் சேர்ந்ததாகத் தாள்கள் கூறின், படத்தில் நிற்பவர் தம்பி என்று சொல்ல வழி பிறக்கிறது. அதன்பின் பதக்கப் பட்டியல்களும், பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கப்பட்ட குடிக்கணக்கும் அவர் அகவையைச் சரிபார்க்கத் துணைநிற்கும்.

வழுக்கும் இடங்கள்

இக்கலையில் தேர்ந்தவரும் வழுக்கும் இடங்கள் சில உள. தாகெர் முறையிலும் தகரத்தட்டு முறையிலும் எடுத்த படங்கள் கண்ணாடிப் பிம்பம் போல் இடவலம் மாறியவை. பதக்கம் வலமார்பில் தோன்றின் படம் புரண்டுள்ளதோ என்று முதலில் ஐயுற வேண்டும். கில்ட்டின் மேல்மடிப்பு அணிந்தவரின் வலப்புறத்தில் முடிவது வழக்கம். அதுவும் இடவலத்தை உணர்த்தும்.

பைகுழல் இசைப்போர் தனி மரபினர். பிளாக் வாட்ச் குழலிசைஞர் அரச ஸ்டூவர்ட் கட்டத்தை அணிவர். ஹைலாந்துப் படையைச் சாராத ஸ்காட்ஸ் கார்ட்ஸ் குழலிசைஞரும் அதையே அணிவர். ஆகவே குழல் ஏந்தியவரின் துணியைக் கொண்டு படையைத் துணிதல் பிழை. தொண்டர் படைகள் வேறு. லண்டன் ஸ்காட்டிஷ் படையினரின் கில்ட்டில் கட்டமே இல்லை, ஒரே சாம்பற் பழுப்பு நிறம். கனடாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கில்ட் அணிந்த படைகள் இருந்தன. கையால் வண்ணம் தீட்டிய படங்களில் தீட்டியவர் படைவீரரை நேரில் கண்டிராமல் ஊகத்தால் நிறம் பூசியிருக்கவும் கூடும். படையில் சேராதவரும் விழாவிற்காக மலைநாட்டு உடை அணிந்து படம் எடுத்துக்கொண்டனர்.

எல்லாவற்றிலும் கொடியது, பின்புறத்தில் பிற்காலத்தவர் எழுதிய பெயர். அன்பினால் எழுதப்பட்ட தவறு அது. ஏட்டில் இடைச்செருகலை இனங்காண்பது போன்றே, அட்டையில் உள்ள கையெழுத்தின் காலத்தையும் ஆராய வேண்டும். தவறான பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால் உண்மையான உரியவர் இரண்டாம் முறை இறக்கிறார்.

காக்கி மறைத்த கட்டம்

தென்னாப்பிரிக்கப் போரில் கில்ட்டின் முன்புறத்தைக் காக்கி முன்றானை மறைத்தது. 1899 டிசம்பர் 11ஆம் நாள் மாகர்ஸ்ஃபான்டைன் களத்தில் ஹைலாந்து வீரர்கள் எழ இயலாமல் வெயிலில் குப்புறக் கிடந்தனர். முழங்காலின் பின்புறத் தோல் வெந்து கொப்பளித்தது. முதல் உலகப்போரிலும் அம்முன்றானை தொடர்ந்தது. ஸ்போரன் களத்திற்குச் செல்லவில்லை, கட்டம் மறைந்தது, கிளென்காரியின் இடத்தை 1915 முதல் காக்கித் தொப்பி பெற்றது. அடையாளங்கள் குறைந்த அக்காலத்தில்தான் இறப்பு மிகுந்தது. தொப்பிச் சின்னமும், தோளில் உள்ள பித்தளை எழுத்துகளும், 1916 முதல் காயமுற்றோர் இடக்கையில் அணிந்த பொற்கோடும், 1918இல் வந்த அயல்நாட்டுப் பணிக் கோடுகளும் எஞ்சிய துணைகள்.

இங்கு இன்னொரு பேரிழப்பும் நேர்ந்தது. முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பணிப்பதிவுகள் லண்டனில் வைக்கப்பட்டிருந்த கட்டடம் 1940 செப்டம்பரில் குண்டுவீச்சால் எரிந்தது. பதிவுகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு சாம்பலாயிற்று. பல குடும்பங்களுக்கு ஒரு மனிதன் படையில் இருந்தான் என்பதற்கு அட்டைப்படமே முதன்மைச் சான்றாகிவிட்டது. படைகளும் இன்று அப்பெயர்களில் தனித்து இல்லை. சீஃபோர்த்தும் கேமரனும் 1961இல் இணைந்தன. 1994இல் கார்டன் அவற்றுடன் சேர்ந்தது. 2006இல் ஸ்காட்ஸ் கார்ட்ஸ் நீங்கலாக ஸ்காட்லாந்தின் காலாட்படைகள் ஒரே படையாயின. பெர்த் நகரின் பால்ஹூசி மாளிகை, அபர்தீன், ஸ்டெர்லிங் கோட்டை, இன்வெர்னஸ் அருகிலுள்ள ஜார்ஜ் கோட்டை ஆகிய இடங்களில் உள்ள அருங்காட்சியகங்களே பழைய பெயர்களைக் காத்து நிற்கின்றன.

பெயர் பெற்றோரும் பெறாதோரும்

இனங்காணும் கலை ஒருபுறம் மட்டும் பார்ப்பதாயின் அது நிறைவுறாது. 1857 நவம்பர் 16ஆம் நாள் இலக்னோவின் சிக்கந்தர் பாக் தோட்டத்தை 93ஆம் ஹைலாந்துப் படையும் பஞ்சாப் படை ஒன்றும் தாக்கின. உள்ளே இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ 2000 பேர் கொல்லப்பட்டனர். மறு ஆண்டு ஃபெலிசே பியாட்டோ என்னும் நிழற்படக் கலைஞர் அங்கே படம் எடுத்தார். சிதைந்த மாளிகை, சிலர் நிற்கின்றனர், முன்னால் மண்ணில் எலும்புகள் சிதறிக் கிடக்கின்றன. படத்திற்காகவே அவை வெளியே பரப்பப்பட்டன என்றும் கூறுவர். அப்படத்தின் தலைப்பில் கொன்ற படையின் எண் உண்டு. மாண்டவர்க்கு எண்ணிக்கை மட்டும் உண்டு, பெயர் இல்லை.

அதற்கு முன்னரே, 1856இல், கிரிமியாவிலிருந்து திரும்பிய வீரர்களைக் கண்டாலும் ஹௌலெட்டும் அரசியாருக்காகப் படம் எடுத்தனர். ஹைலாந்துச் சிப்பாய்கள் சிலரின் பெயர்களும் அவற்றுடன் குறிக்கப்பட்டன. எளிய சிப்பாய்க்கும் பெயர் எழுதலாம் என்ற அறிவு அக்காலத்தவர்க்கு இருந்தது. யாருக்கு எழுதுவது என்பதில்தான் வேறுபாடு இருந்தது. தன் ஊரில் உடை மறுக்கப்பட்ட மக்களின் பேரர்கள், அதே உடையில் வந்து பிறர் நாட்டில் பெயரற்ற பிணங்களைக் குவித்தனர் என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. அவர்களுக்குப் பெயர் மீட்கும் பணியைக் குறைகூறுவது இக்கருத்தின் நோக்கமன்று. அப்பணியை மேற்கொள்வோர் அட்டையின் விளிம்புக்கு வெளியே நின்றவரையும் நினைத்தல் வேண்டும் என்பதே.

நிறைவாக ஒன்று. எந்தப் படத்தையும் இனங்காண்போர் கண்டதையும் கருதியதையும் தனித்தனியே எழுதிவைத்தல் வேண்டும். உறுதி எது, ஊகம் எது என்று பிரித்துக் காட்டுதல் வேண்டும். பின்வருவோர் திருத்துவதற்கு இடம் விடும் முடிவே அறிஞர் முடிவு. இப்பணி ஸ்காட்லாந்துக்கு மட்டும் உரியதும் அன்று. ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் மாலை சூட்டிய பழைய படங்கள் தொங்குகின்றன. அவற்றில் இருப்பவர் இன்னார் என்று அறிந்த முதியோர் இன்றும் திண்ணையில் அமர்ந்திருக்கலாம். மென்மையான பென்சிலால் பின்புறத்தில் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதிவைக்க ஒரு மாலைப்பொழுது போதும். நடுகல்லில் பெயர் பொறித்த மக்களின் வழித்தோன்றல்கள் அதைச் செய்யாமல் விடுதல் தகாது.